ஒரே மாதிரி சொன்ன வலி

என் அண்ணனுக்கு இரண்டு நோய்கள் மனப்பாடம். ஒன்று கல், இன்னொன்று கட்டி. இரண்டுக்கும் வசனம் எழுதிக் கொடுத்தவள் நான்.

அண்ணன் மேடை நடிகன். அவனுடைய நாடகக் குழு ஆளுக்கொரு திசையாகப் பிரிந்த பிறகு, நான் அறுவை சிகிச்சை கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. தேர்வு நாட்களில் நோயாளியாக நடிக்கும் வேலை. மாணவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வருவார்கள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, "கண்ணு மஞ்சளா இருக்கு டாக்டர்" என்பான். கேள்வி கேட்டுக் கேட்டு அவர்கள் காரணத்தை நெருங்க வேண்டும்.

எதற்கு நடிகர் என்று கேட்பார்கள். உண்மையான நோயாளி ஒருவரின் வயிற்றை வகுப்பே வரிசையாக வந்து அமுக்குவது பாவம். அது மட்டுமல்ல. உண்மையான நோயாளி முதல் மாணவரிடம் ஒன்று சொல்வார், பத்தாவது மாணவரிடம் அலுத்துப்போய் வேறொன்று சொல்வார். பிறகு மதிப்பெண் எப்படிப் போடுவது? நடிகர் என்றால் எல்லோருக்கும் ஒரே கதை. அதே சொற்கள், அதே இடத்தில் நிறுத்தம், அதே முகச்சுளிப்பு. இதில் அண்ணனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவனுடைய இரண்டு வேஷங்களைப் புரிந்துகொள்ளப் பித்தநீர் போகும் பாதை கொஞ்சம் தெரிய வேண்டும். காமாலை என்றதும் எல்லோரும் கல்லீரலைத்தான் திட்டுவார்கள். பல சமயம் அதன் மேல் தப்பே இருக்காது. அது பாட்டுக்குப் பித்தநீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். போகும் குழாய் அடைபட்டிருக்கும். அந்தக் குழாய் பென்சில் தடிமன்கூட இல்லாதது. கல்லீரலிலிருந்து இறங்குகிறது. வழியில் பக்கவாட்டில் பித்தப்பை தொங்குகிறது. பிறகு கணையத்தின் தலைக்குள் புகுந்து, கணையத்தின் சொந்தக் குழாயையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, குடலின் சுவரில் ஒரு சின்ன வாயாகத் திறக்கிறது. இந்த வழியில் எங்கே அடைத்தாலும் பித்தம் திரும்பி இரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுத்துக் களிமண்போல் ஆகும், உடம்பெல்லாம் அரிக்கும். இது எல்லாம் கல்லுக்கும் பொது, கட்டிக்கும் பொது. அடைத்தது எது என்பதுதான் கேள்வி.

கல் உருளும். உருளும் கல்லைக் குழாய் தள்ளப் பார்க்கும். அதனால் வலி அலை அலையாக வரும். கல் சற்று நகர்ந்து வழிவிட்டால் மஞ்சள் இறங்கும். மறுபடி சிக்கினால் ஏறும். கட்டிக்கு அவசரமே கிடையாது. மெல்ல மெல்ல நெருக்கும், குழாயும் அதற்குப் பழகிக்கொள்ளும். வலி இருக்காது. மஞ்சள் ஏறும், ஏறிக்கொண்டே போகும். பசி போகும், இடுப்புத் துணி தளரும். இன்னொரு அடையாளமும் உண்டு. கல் குடியிருந்த பித்தப்பை வருடக்கணக்கான புண்ணில் தடித்துச் சுருங்கிக் கிடக்கும். உப்பச் சொன்னாலும் உப்பாது. கட்டி கீழே அடைத்தால், பை பலூனாக உப்பி விலா எலும்புக்குக் கீழே கையில் தட்டுப்படும். அமுக்கினால் வலிக்காது.

முதல் வருட மாணவர்களுக்கு இதை நான் ஒரே மூச்சில் சொல்வேன்: "வலிக்குதா, நிம்மதியா இரு. வலிக்கலையா, பயப்படு." விதிவிலக்குகளைப் பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம்.

வசனம் படித்த அன்று அண்ணன் கேட்டான். "அப்போ வலிங்கறது நல்ல செய்தியா? என்னம்மா உங்க ஊர் நியாயம்?"

"குழாய் ஊர் நியாயம் அப்படித்தான்" என்றேன்.

தேர்வு நாள் காலையில் அவன் கல். சாப்பாட்டுக்குப் பிறகு கட்டி. கட்டி வேஷத்தின் கடைசிப் பகுதியில், மாணவர் அவனிடம் கெட்ட செய்தியைச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு நான் மாதிரி வாக்கியங்கள் எழுதியிருந்தேன்: 'நீங்க தனியா இல்ல. ஒவ்வொரு படியா சேர்ந்து போகலாம்.' அண்ணன் தலைகுனிந்து கேட்டுவிட்டு, கண்ணை மெதுவாக நிமிர்த்தி, "இதை வீட்டுல எப்படி டாக்டர் சொல்றது?" என்பான். தேர்வாளர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் கல்லுக்கட்டி சார்.

அவன் தேர்வில்லாத ஒரு நாளில் என் அறைக்கு வந்தான். கண் மஞ்சளாக இருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"என்னண்ணா, லீவு நாள்லயும் மேக்கப்பா?"

"மேக்கப் இல்ல பாப்பா. இது ஒரிஜினல்."

அவனோடு அண்ணியும் வந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்து, அதன் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்குள் அண்ணன் சொல்ல ஆரம்பித்தான்.

"எண்ணெய்ல பொரிச்சது சாப்பிட்டா போதும், கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுடுது. வலது விலாவுக்குக் கீழ. யாரோ கத்தியை வச்சுத் திருப்பற மாதிரி." இங்கே மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்தான். "அப்புறம் அப்படியே பின்னால போய் தோள்பட்டை எலும்புல நிக்குது. மஞ்சள் ஒரு வாரம் இருக்கும், குறையும். மறுபடி வரும்."

கத்தியைத் திருப்புவது என் வாக்கியம்தான். ஆனால் அதை நானும் சொந்தமாக எழுதவில்லை. எத்தனையோ நோயாளிகள் சொல்லிக் கேட்டு எழுதியது. வலிக்கிறவனுக்கு வாயில் வருகிற சொல்லைத்தானே சொல்வான் என்று நினைத்தேன். படுக்கச் சொல்லி வயிற்றில் கை வைத்தேன். வைத்ததும் முகத்தைச் சுளித்து, வயிற்றைப் பலகையாக இறுக்கிக்கொண்டான். அழுத்த மனம் வரவில்லை.

"அண்ணி, ரொம்ப வலிக்குதுன்னு சொல்றாரா?"

"ஆமாம்மா" என்றாள் அண்ணி, கைப்பையைப் பார்த்துக்கொண்டே.

சாதாரண ஸ்கேனில் பித்தப்பைக்குள் சின்னக் கற்கள் தெரிந்தன. குழாய் வீங்கியிருந்தது. அதன் கீழ்முனையைக் குடலின் காற்று மறைத்துவிட்டது. அது பெரும்பாலும் மறைக்கும். பை நிறைந்திருந்தது, ஆனால் அவன் வெறும் வயிற்றில் வந்திருந்தான். வெறும் வயிற்றில் எல்லோருக்கும் நிறைந்துதான் இருக்கும். பைக்குள் கல் இருப்பதால் குழாய்க்குள்ளும் கல்தான் என்று சட்டமில்லை. நூறு பேரில் எத்தனையோ பேர் பைக்குள் கல்லை வைத்துக்கொண்டு தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். இது எனக்குத் தெரியாததா? ஆனால் வலி, ஏறி இறங்கும் மஞ்சள், ஸ்கேனில் கல் என்று மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. அந்த மூன்றில் இரண்டு அண்ணனின் வாயிலிருந்து வந்தவை.

அவன் வாயை நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது அப்பா இறந்தார். வந்தவர்கள் எல்லோரும் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று எனக்குப் பூசி மெழுகினார்கள். அண்ணன்தான் பள்ளிக்கூடப் படிக்கட்டில் என்னை உட்காரவைத்து, "அப்பா செத்துட்டார் பாப்பா. மத்தவங்க சொல்றதைக் கேக்காதே" என்றான். அன்றிலிருந்து அவன் சொன்னதை நான் சரிபார்த்ததில்லை.

"கல்லுதானே?" என்றான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"கல்லு போலத்தான் இருக்கு."

"பாத்தியா" என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தான்.

குழாய்க்குள் சிக்கிய கல்லை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. வாய் வழியாக எண்டோஸ்கோப் கருவியை விட்டு, குடலில் இருக்கும் அந்தச் சின்ன வாயை விரித்து, கல்லை வெளியே இழுத்துவிடலாம். எங்கள் மருத்துவமனையில் அதைச் செய்கிறவரைக் குழாய் டாக்டர் என்றே கூப்பிடுவோம். அவர் அப்போது ஒரு பயிற்சிக்காக வெளியூரில் இருந்தார். கட்டி என்று துளி சந்தேகம் இருந்திருந்தாலும் அண்ணனை அன்றைக்கே வேறு மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன். கல்தானே, காய்ச்சலும் இல்லை. அவர் வரட்டும் என்று வைத்துக்கொண்டேன். நடுவில் ஒருமுறை அண்ணன் போன் செய்து, "மஞ்சள் நல்லா இறங்கியிருக்கு பாப்பா, கண்ணு வெள்ளையாயிடுச்சு" என்றான். சரி, கல் நகர்ந்திருக்கிறது என்று நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்த்தேன். அப்படியே சில வாரங்கள் ஓடின.

குழாய் டாக்டர் திரும்பி வந்ததும் அவருடைய அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். ஒரு மேசை, ஒரு திரை, காகிதம் விரித்த பரிசோதனைக் கட்டில், மூலையில் கை கழுவும் தொட்டி. அண்ணனின் மஞ்சள் மறுபடி ஏறியிருந்தது. அரிப்பில் சொறிந்து சொறிந்து விரல் நகம் பளபளத்துக் கிடந்தது.

"சொல்லுங்க சார், என்ன பண்ணுது?" என்றார் குழாய் டாக்டர்.

"எண்ணெய்ல பொரிச்சது சாப்பிட்டா போதும், கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுடுது. வலது விலாவுக்குக் கீழ. யாரோ கத்தியை வச்சு..."

மேசையில் இருந்த போன் அடித்தது. குழாய் டாக்டர் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேசினார். வைத்தார். "ம், சொல்லுங்க."

"எண்ணெய்ல பொரிச்சது சாப்பிட்டா போதும்" என்று அண்ணன் ஆரம்பித்தான். "கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுடுது. வலது விலாவுக்குக் கீழ. யாரோ கத்தியை வச்சுத் திருப்பற மாதிரி." மூச்சை உள்ளே இழுத்தான். "அப்புறம் அப்படியே பின்னால போய்..."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வலிக்கிற மனிதர்களை நான் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறேன். யாரும் தன் வலியை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்வதில்லை. முதல் தடவை கத்தி என்பார்கள், அடுத்த தடவை கிரைண்டர் என்பார்கள், மூன்றாம் தடவை "அது எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க" என்று கையை விரிப்பார்கள். இடையில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், அல்லது வேறெங்கோ போய் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவார்கள். முதல் வரிக்குத் திரும்பிப் போகிறவன் பாடம் ஒப்பிக்கிறவன். எல்லா மாணவருக்கும் ஒரே கதை கிடைக்க வேண்டும் என்று அவனைப் பழக்கியவள் நானே.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "அண்ணா, படு. ஒரு தடவை பாத்துடறேன்" என்றேன். அவன் படுத்து, சட்டையைத் தானே விலாவரை சுருட்டிக்கொண்டு முழங்காலை மடக்கினான். வயிறு உடனே இறுகியது. மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் உபாயம் ஒன்று உண்டு. இறுகிய வயிற்றோடு சண்டை போடக் கூடாது. ஆளை வேறெங்காவது அனுப்பிவிட வேண்டும்.

"அண்ணா, சாருக்கு அந்த ராஜா தாடிக் கதையைச் சொல்லேன்."

"இப்பவா?"

"சும்மா சொல்லு. சார் நாடகம் பாக்கறவர்."

அந்தக் கதையை எந்தப் படுக்கையிலும் அவனால் சொல்லாமல் இருக்க முடியாது. "அது என்னன்னா சார், அரசவை சீன். நான்தான் ராஜா. மந்திரி வேஷம் போட்டவனுக்கு அன்னைக்கு ஜலதோஷம். என் முன்னால குனிஞ்சு வணங்கறான், ஒரு தும்மல் போட்டான் பாருங்க, என் தாடி பாதி காத்துல பறக்குது..."

அவன் வயிறு மாவுபோல் தளர்ந்தது. என் விரல்கள் விலாவுக்குக் கீழே இறங்கின. அங்கே இருந்தது பை. வழவழப்பாக, உருண்டையாக, ஒரு சின்ன எலுமிச்சையின் முனையைப்போல், அவன் மூச்சை இழுக்கும்போது இறங்கி, விடும்போது ஏறியது.

"நான் விடுவேனா? மிச்சத் தாடியையும் பிச்சு அவன் கையில குடுத்து, 'மந்திரி, நாட்டுக்காக இதையும் துறந்தேன்'னேன்."

குழாய் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அந்த உருண்டையை அமுக்கினேன். பிறகு இன்னும் பலமாக அமுக்கினேன். அண்ணன் கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இப்ப நான் எங்க அமுக்கிட்டிருக்கேன்?"

அவன் குனிந்து என் கையைப் பார்த்தான். முகத்தில் ஒரு சுளிப்பு எழுந்தது. தாமதமாக வந்த சுளிப்பு செல்லாது என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். பாதியிலேயே விட்டுவிட்டான். சிரிப்பை நிறுத்தியிருந்த குழாய் டாக்டர் எழுந்து கை கழுவப் போனார்; கழுவ ஒன்றும் இல்லை.

"ஒரு நாளாவது வலிச்சுதா?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. வலியில ஒரு நாளாவது உங்களை எழுப்பினாரா?"

"எழுப்பினார்" என்றாள் அண்ணி. "வெந்நீர் வச்சுக் குடுத்தேன்." பிறகு அவளே, "இல்லம்மா" என்றாள். "வலியே கிடையாது. நல்லாத் தூங்கறார். சாப்பாடுதான் இறங்க மாட்டேங்குது."

நான் அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். உள்ளே இன்னொரு சட்டை, அதற்குள் இன்னொன்று. மேடையில் ஒல்லிப் பையனைச் சேனாதிபதி ஆக்கும் வித்தை. மூன்று சட்டைக்குள் என் அண்ணன் பாதியாகியிருந்தான்.

காரிடாரில் நீளமான பெஞ்சு இருந்தது. அவனும் அண்ணியும் உட்கார்ந்தார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"காய்ச்சல் வரியை மட்டும் ஏன் வெட்டினே?" என்றேன். கல் வேஷத்தில் குளிர்க் காய்ச்சல் ஒரு முக்கியமான வசனம். "நடுக்கம்னு சொல்லியிருந்தா அன்னைக்கே அட்மிட் பண்ணியிருப்பேன். அதனாலதானே?"

"அதான். கையில தெர்மாமீட்டர் வச்சுருவே."

"எவ்வளவு யோசிச்சிருக்கே."

"பாப்பா, கேளு. ரெண்டு ரோல்ல எனக்கு எப்பவும் கல்லுதான் பிடிக்கும். கடைசியில எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வெளிய போவாங்க. மத்தியானம் கட்டி பண்ணிட்டு வீட்டுக்குப் போனா எனக்கு ரெண்டு நாளைக்குப் பேச்சே வராது, இவகிட்டக் கேளு. அந்தக் கடைசி சீனை எத்தனை புள்ளைங்க எனக்குச் சொல்லியிருக்கு. ஒருத்தன் வாட்சைப் பாத்துக்கிட்டே சொன்னான். ஒரு பொண்ணு எனக்கு முன்னால அவ அழுதுட்டா. எல்லாரும் சொன்னது நீ எழுதின வசனம். அதை நீயே என் எதிர்ல உக்காந்து சொன்னா, எனக்கு அது வசனமாத்தான் கேக்கும். அப்புறம் நெஜமாப் பேச எனக்கு யார் இருக்கா?"

"அதுக்காக நீ என்கிட்ட வசனம் பேசினே."

அவன் சட்டையின் மேல் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டான்.

"எந்த நோயாளி சொல்றதையும் நான் அப்படியே எடுத்துக்கறதில்ல, தெரியுமா? அமுக்கிப் பாப்பேன், தட்டிப் பாப்பேன், திருப்பித் திருப்பிக் கேப்பேன். உன்கிட்ட மட்டும்தான் கேக்கலை. அது தெரிஞ்சுதானே வந்தே? வேற டாக்டர்கிட்டப் போயிருந்தா முதல் நாளே மாட்டியிருப்பே."

"பயந்துட்டேன் பாப்பா."

"பயந்தவங்க பொய் சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். நீ சொல்வேன்னு தெரியாது."

அண்ணியின் பக்கம் திரும்பினேன். "நீங்களுமா அண்ணி?"

அவள் அழவில்லை. சற்றுக் கோபமாகத்தான் இருந்தாள். "நீ கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன். எத்தனை பேரைப் பாக்கறே. உள்ள வந்ததும் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவா, நம்ம எதுக்கு அவர் மனசைக் கெடுக்கணும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். நீ கல்லுங்கறே. அப்புறம் நானும் கல்லுதான் போலன்னு நம்பிட்டேன். டாக்டரே சொல்றாளேன்னு."

அவள் சொன்னது என் மேல் பழி சுமத்தியதா, நியாயமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். பித்தக் குழாயும் கணையக் குழாயும் இரண்டும் கடைசி முனை வரை வீங்கியிருந்தன. இரண்டும் சேரும் இடத்தில் ஏதோ அடைக்கிறது என்று அர்த்தம். கட்டி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கணையத்தின் தலை சற்றுப் பருத்ததுபோல் இருந்தது. கணையத் தலையில் வரும் புற்றில் பிழைக்கும் கணக்கு மோசமானது. அது பக்கத்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாய்களைச் சீக்கிரமே கட்டிப்பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை.

குழாய் டாக்டர் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். "மஞ்சள் ஏறி இறங்குச்சுன்னு சொல்றாரே மேடம். கணையத் தலைன்னா இறங்காதே."

"அவர் சொல்றது எதையும் கணக்குல எடுத்துக்க வேண்டாம்."

"எதையுமா?"

"எதையும்."

அண்ணியிடம் நான் பட்டவர்த்தனமாகச் சொன்னேன். இது கணையத் தலையாக இருக்கலாம், காலம் குறைவாக இருக்கலாம் என்றேன். என் மாதிரி வாக்கியங்கள் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. அவள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா மஞ்சள் இறங்குச்சும்மா. அது நெஜம். நான் கண்ணால பாத்தேன்."

"வலிக்குதான்னு முதல் நாள் நான் கேட்டப்பவும் ஆமாம்னுதான் அண்ணி சொன்னீங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எண்டோஸ்கோப்பி அன்று நான் குழாய் டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்றேன். இதற்கென்று உள்ள கருவிக்குக் கண் நுனியில் இருக்காது, பக்கவாட்டில் இருக்கும். நாம் தேடும் வாய் குடலின் பக்கச் சுவரில் இருக்கிறது. நேரே பார்த்துக்கொண்டு போகும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். திரையில் குடலின் மடிப்புகள் நகர்ந்தன. குழாய் டாக்டர் கையை ஒரு திருப்புத் திருப்பினார்.

வாய் தெரிந்தது. வழக்கமாக அது ஒரு சின்ன முலைக்காம்புபோல் இருக்கும். இங்கே சிவந்த சதை பூவிரிந்ததுபோல் பிதுங்கியிருந்தது. ஓரம் ஒரு பக்கம் உதிர்ந்து, அந்த இடத்திலிருந்து இரத்தம் மெல்லக் கசிந்தது. உதிர்ந்த பள்ளத்தின் வழியாகக் கொஞ்சம் பித்தம் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது.

"கணையத் தலை இல்ல" என்றார் அவர். "வாயிலயே இருக்கு. பாருங்க, இது அப்பப்ப உதிருது. உதிரும்போது வழி கிடைக்குது, மஞ்சள் இறங்குது. மறுபடி வளர்ந்தா ஏறுது. அவர் சொன்னது நெஜம்தான் மேடம்."

இதுதான் நான் பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம் என்று மாணவர்களுக்கு ஒத்திவைக்கும் விதிவிலக்கு. குழாயின் வாயில் வரும் புற்று கல்லைப்போல் ஏறி இறங்கும். அந்த இடத்தில் வருவது சின்னதாக இருக்கும்போதே வழியை அடைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். கணையத் தலையைவிட இதற்கு எவ்வளவோ நல்ல கணக்கு. அண்ணன் சொன்ன கதையில் ஒரே ஒரு வரி உண்மை. அந்த வரியை, பொய்களுக்கு நடுவில் அவன் நட்டுவைத்திருந்ததால், நான் முதலில் கல்லுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பிறகு குப்பையோடு சேர்த்து வீசினேன். நம்பியபோதும் தவறு, நம்பாதபோதும் தவறு. பொய் சொன்னவன் உண்மையையும் சேர்த்துத்தான் கெடுத்திருந்தான்.

அங்கிருந்து கிள்ளியெடுத்த சதைத் துணுக்கின் முடிவு புற்று என்றுதான் வந்தது. இரத்தக் குழாய்கள் சுத்தமாக இருந்தன. அறுவை சிகிச்சை செய்யலாம். அதை அண்ணனிடம் சொல்ல நான் போகவில்லை. குழாய் டாக்டர் போனார். அவருக்குப் பேச்சு சுமார். "சார், அந்த வாயில இருக்கறது எனக்குப் பிடிக்கலை. எடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றாராம்.

"நல்லாச் சொன்னார்" என்றான் அண்ணன் என்னிடம். "ஒரு வரிகூட உன்னோடது இல்ல."

நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தான்.

அறுவை சிகிச்சையை வேறொரு மருத்துவர் செய்தார். கணையத்தின் தலை, குடலின் முதல் வளைவு, பித்தப்பை, குழாயின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் ஒரே கட்டாக எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதைப் புதிதாக மூன்று இடங்களில் இணைக்க வேண்டும். நான் ரசித்து வகுப்பெடுக்கும் அறுவை சிகிச்சை அது. அன்று வெளியே பெஞ்சில் இருந்தேன். அண்ணியும் அதே பெஞ்சில் இருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் கைப்பை இருந்தது.

எடுத்த பகுதியின் பரிசோதனை முடிவு சில நாட்களில் வந்தது. ஓரங்கள் சுத்தம். ஆனால் ஒரு நிணநீர்க் கணுவில் புற்று எட்டிப் பார்த்திருந்தது. மருந்து ஏற்றினால் சமாளிக்கலாம், நம்பிக்கை இருக்கிறது. அந்த ஒரு கணுவுக்குள் அது எந்த வாரத்தில் நுழைந்தது என்று எந்த நுண்ணோக்கியும் சொல்லாது. அவன் முதல் நாள் என் அறைக்கு வந்தபோதே அது அங்கே இருந்திருக்கலாம். குழாய் டாக்டருக்காகக் காத்திருந்த வாரங்களிலும் போயிருக்கலாம். இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் கேட்காமல் இருப்பதிலிருந்து அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

வார்டில் தினமும் அவனைப் பார்ப்பேன். காயத்தைப் பார்ப்பேன், வடிகுழாயில் வந்ததைப் பார்ப்பேன், கேஸ் தாளைப் பார்ப்பேன். "நல்லா இருக்கேன் பாப்பா" என்பான். நான் நர்ஸிடம், "ஜுரம் எவ்வளவு?" என்பேன்.

ஒரு நாள் மாலை நான் உள்ளே நுழைந்தபோது அவன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நெற்றி வியர்த்திருந்தது. அண்ணி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுது?"

"தெரியல" என்றான். "வயிறு... மேலயா... இல்ல, இங்க. இல்ல, இங்கயும் இல்ல. என்னமோ உள்ள பிழியுது. அது... நேத்து வரைக்கும் இல்ல. காலையில நல்லாத்தான் கஞ்சி குடிச்சேன், அப்புறம் அந்தப் பொண்ணு வந்து படுக்கையை மாத்தினா..." சொல்ல வந்ததை மறந்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் சொல்லி நான் கேட்டதில், ஒழுங்கே இல்லாத முதல் வலி இது. முன்னும் பின்னும் குழம்பிய, உண்மையான நோயாளிகள் எல்லோரும் சொல்கிற மாதிரியான வலி. என் காதுக்கு அது தெரிந்தது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பற்றினேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் அவனைக் காயம் பார்க்க அல்லாமல் தொட்டது அதுதான் முதல் தடவை. அவன் விரல்கள் என் விரல்களை இறுகப் பிடித்தன. கண் திறந்தான். முகம் இளகியிருந்தது.

பிறகுதான் என் மற்றொரு கையின் விரல் அவன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதையும், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் கவனித்தான்.

"நாடி பாக்கறியா?"

"ஆமா."

நாடி வேகமாக ஓடியது. யாராலும் நடிக்க முடியாத வேகம். நர்ஸைக் கூப்பிட்டு வலி மருந்து போடச் சொன்னேன், மறுபடி ஸ்கேனுக்கு எழுதச் சொன்னேன்.

"சரி" என்றான் அண்ணன், கையை எடுத்துக்கொள்ளாமல். "நல்லாப் பாத்துக்கோ."